ஃபிராக்கிங் எரிவாயுத் திட்டத்துக்கு எதிரான மனு: எந்த வாதம் நிற்கும், எது நிற்காது?

ஊற்றுக்கண் கேட்டது:

வணக்கம். ஷேல் (இறுகிய களிமண் பாறை) எரிவாயுத் திட்டம் ஒன்றுக்கு எதிராக ஆட்சேபனை மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரே தளத்தில் 8 கிணறு. செங்குத்தாக 2,400 மீட்டர் இறங்கி, அங்கிருந்து கிடைமட்டமாக 2 கி.மீ. போகும். அங்கே ரசாயனம் கலந்த தண்ணீரை அழுத்தி, பாறையில் விரிசல் விட்டு வாயு எடுப்பார்கள் (இதுதான் ஃபிராக்கிங்). ஒரு கி.மீ. சுற்றுவட்டத்தில் குடிநீருக்கான ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன, பெரும்பாலும் 60 முதல் 90 மீட்டர் ஆழம்.

நிறுவனத்தின் அறிக்கை மூன்று விஷயங்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. விரிசல் விடுவது நிலத்தடி நீருக்கு 2 கி.மீ. கீழே, அதனால் ஆபத்தில்லை. ரசாயனம் வெறும் 0.5%. எரிவாயு நிலக்கரியை விடத் தூய்மை. எங்கள் வரைவில் இப்போதைக்குக் குழாய்த் தண்ணீரில் தீப்பிடிக்கும் காணொளியும் நிலநடுக்கமும்தான் முன்னால் இருக்கின்றன. இது போதுமா? துளையிடும் முன் தண்ணீரில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கேசிங்_காரர்:

முதல் வாதத்துக்கு மட்டும் சொல்கிறேன். அதில் பாதி உண்மை, அந்தப் பாதியோடு மோதாதீர்கள். 2,400 மீட்டரில் விடும் விரிசல் மேலேறி வந்து 90 மீட்டர் கிணற்றைத் தொடாது. 2012-ல் ஆயிரக்கணக்கான விரிசல்களின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிக உயரமாக ஏறியது 588 மீட்டர். 350 மீட்டரைத் தாண்டும் வாய்ப்பே சுமார் 1%. இதை மறுத்து எழுதினால், அவர்களுடைய நிபுணர் இந்த ஒரு வரைபடத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார், மீதி மனுவை யாரும் படிக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்த 2,400 மீட்டர் பாறையைத் துளைத்துத்தானே கீழே போகிறார்கள்? குடிநீர்ப் படுகையின் நடுவே போகும் அந்தத் துளையில், கேசிங் குழாய்க்கும் (துளைக்குள் இறக்கும் எஃகு உறைக்குழாய்) பாறைக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியை அடைத்து நிற்பது சில செ.மீ. தடிமனுள்ள சிமென்ட் மட்டும். கெடுவதெல்லாம் அங்கேதான்.

எப்படிக் கெடுகிறது என்றால், குழாய் துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சிமென்ட் அகலமான பக்கமாகவே ஏறும், ஒடுங்கிய பக்கத்தில் துளையிடும் சேறு அப்படியே தங்கிவிடும். பின்னால் அதுவே வாயுவுக்கு வாய்க்கால். சிமென்ட் இறுகும்போது இன்னொரு சிக்கல்: கூழாக இருக்கையில் அதன் எடை வாயுவை அமுக்கி வைத்திருக்கும். கெட்டியாகத் தொடங்கியதும் அந்த அழுத்தம் குறையும், ஆனால் போதிய வலு இன்னும் வந்திருக்காது. அந்த இடைப்பட்ட நேரத்தில் வாயு உள்ளே புகுந்து தடம் போட்டுவிடும். இதெல்லாம் எந்த எண்ணெய், எரிவாயுக் கிணற்றுக்கும் பொது. ஃபிராக்கிங்கில் கூடுதலாக, கிடைமட்டப் பகுதியை இருபது, முப்பது கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பல நூறு பார் (ஒரு பார் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் ஏற்றி இறக்குவார்கள். குழாய் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கும், சிமென்ட் அதோடு சேர்ந்து வளையாது. ஒட்டு விட்டுப்போய் முடியளவு இடைவெளி வந்தாலே வாயுவுக்குப் போதும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மேலே வரும் வாயு பெரும்பாலும் 2,400 மீட்டர் ஷேலிலிருந்து வருவதில்லை. நடுவில் சில நூறு மீட்டரில் இருக்கும் சின்ன வாயுப் படுகைகளைத் துளை கடந்து போகும். செலவு மிச்சம் என்று அந்தப் பகுதிக்குச் சிமென்ட் போடாமல் விட்டால் அந்த வாயு நேராக மேலே ஏறும். 2014-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் டெக்சஸிலும் பாதிக்கப்பட்ட எட்டு இடங்களில் மந்த வாயுக்களை (ஹீலியம், நியான் போன்றவை) அளந்து வெளியான ஆய்வு, சிமென்ட், கேசிங் கோளாறுகளையே காரணமாகக் காட்டியது. விரிசல் வழியாக வாயு ஏறியதற்கு அதில் சான்று இல்லை. மனுவுக்கு அது பலவீனமல்ல, பலம்.

பென்சில்வேனியாவின் டிமோக்கைக் குறிப்பிடுங்கள். 2009 ஜனவரி 1 அன்று அங்கே ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு மீத்தேனால் வெடித்தது. வழக்கு இழுத்து இழுத்து, 2022 நவம்பரில்தான் எரிவாயு நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்றது. பொதுக் குடிநீர்க் குழாய்க்காக 1.629 கோடி டாலர் தரவும் சம்மதித்தது. வயோமிங்கின் பவிலியனை இதோடு கலக்காதீர்கள். அங்கே சுமார் 320 மீட்டர் ஆழத்திலேயே விரிசல் விட்டார்கள், உறையில்லாத குழிகளில் கழிவும் கொட்டினார்கள். உங்கள் 2,400 மீட்டருக்கு அது பொருந்தாது.

மனுவில் கேட்க வேண்டிய ஆவணங்கள்: குடிநீர்ப் படுகைக்குக் கீழே எத்தனை மீட்டர் வரை மேற்பரப்புக் கேசிங் இறங்குகிறது, ஒவ்வொரு அடுக்கிலும் சிமென்ட் தரைமட்டம் வரை திரும்பி வந்ததா, குழாயை நடுவில் நிறுத்தும் வளையங்கள் எத்தனை மீட்டருக்கு ஒன்று, சிமென்ட் ஒட்டுப் பதிவின் (சிமென்ட் குழாயோடு ஒட்டியிருக்கிறதா என்று கருவி இறக்கி எடுப்பது) மூலத்தரவு (சுருக்கம் வேண்டாம், மூலமே வேண்டும்), வளைய இடைவெளி அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவுசெய்வார்களா, எவ்வளவு ஏறினால் வேலையை நிறுத்துவார்கள். கடைசியாக, கிடைமட்டப் பாதையைச் சுற்றி ஒரு கி.மீ.க்குள் கைவிடப்பட்ட பழைய கிணறுகள் எத்தனை. அடைக்காத பழைய துளை ஒன்று இருந்துவிட்டால், "விரிசல் மேலே வராது" என்ற கணக்கே போச்சு.

நீர்மாதிரி:

0.5% விஷயத்துக்கு வருவோம். சதவீதம் சொல்பவரிடம் எதில் சதவீதம் என்று கேட்க வேண்டும். ஒரு கிணற்றுக்கு 2 கோடி லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள் (இது நடுத்தர அளவு, இதைவிடப் பல மடங்கு குடிக்கும் கிணறுகளும் உண்டு). அதில் 0.5% என்றால் 1 லட்சம் லிட்டர். எட்டுக் கிணற்றுக்கு 8 லட்சம் லிட்டர் சேர்மானம் லாரியில் வந்து, தளத்தில் இறங்கி, கலக்கப்பட வேண்டும். பூமிக்கடியில் நடப்பதை விடத் தளத்தில் ஹோஸ் பிடுங்கிக்கொள்வது, வால்வு ஒழுகுவது, தொட்டி நிரம்பி வழிவது போன்ற சாதாரண விபத்துகளே மண்ணையும் மேல்மட்ட நீரையும் அதிகம் கெடுக்கும்.

சேர்மானப் பட்டியலில் கொத்தவரைப் பிசினும் இருக்கும். "ஐஸ்கிரீமில் போடுவதுதான்" என்று நிறுவனங்கள் முதலில் காட்டுவது அதைத்தான். அதே பட்டியலில் கிருமிக்கொல்லியான குளூட்டரால்டிஹைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், குழாயில் படிவு தடுக்க எத்திலீன் கிளைக்கால் எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் சி.ஏ.எஸ். எண் (ஒரு ரசாயனத்துக்கே உரிய அடையாள எண்) கேளுங்கள். "வணிக ரகசியம்" என்று எண்ணை மறைத்தால், எதைத் தேடுவது என்றே லேபுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு எரிசக்திச் சட்டம், டீசல் கலந்தது தவிர மற்ற ஃபிராக்கிங் திரவங்களைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்தல் விதியிலிருந்து விலக்கியது. அந்த விலக்கைத்தான், எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனமான ஹாலிபர்ட்டனின் பெயரால், "ஹாலிபர்ட்டன் ஓட்டை" என்று சொல்கிறார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் உள்ளே போவதை விட வெளியே வருவதுதான் பெரிய தலைவலி. ஷேலுக்குள் இருக்கும் பழைய கடலுப்பு இந்தத் தண்ணீரோடு திரும்பி வரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மி.கி. உப்பு, பென்சில்வேனியா பகுதியிலுள்ள மார்செலஸ் ஷேல் கழிவுநீரில் 2,00,000-ஐத் தாண்டியும் பதிவாகியிருக்கிறது. போன தண்ணீரில் 10% மட்டும் திரும்பி, அதிலும் லிட்டருக்கு 1,00,000 மி.கி. மட்டுமே இருக்கிறது என்று கழித்துக் கணக்குப் போட்டாலும், ஒரு கிணற்றுக்கு 200 டன் உப்பு. கூடவே பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, ரேடியம். ரேடியம்-226-இன் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டு. அது பேரியம் சல்பேட்டோடு சேர்ந்து தொட்டி அடிச்சகதியிலும் குழாய்ப் படிவிலும் வடிகட்டிப் பைகளிலும் உட்காரும். "கழிவுநீரைச் சுத்திகரிப்போம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சகதி எங்கே போகிறது என்று கேளுங்கள்.

நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவோம் என்றால் உடனே மறுக்கலாம். அந்த நிலையங்கள் கழிவுநீரின் உயிர்க்கழிவை அகற்றக் கட்டப்பட்டவை, கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போகும். கீழே குடிநீருக்கு எடுத்துக் குளோரின் போடும்போது புரோமைடு அதோடு வினைபுரிந்து புரோமின் கொண்ட டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான சேர்மங்களாகும். பென்சில்வேனியா 2011-ல் இதை நிறுத்தச் சொன்னது, 2016-ல் அமெரிக்கா முழுவதற்கும் தடை வந்தது.

இப்போது அடிப்படைச் சோதனை. 2011-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், எரிவாயுக் கிணறுகளுக்கு ஒரு கி.மீ.க்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் சராசரி மீத்தேன் லிட்டருக்கு 19.2 மி.கி., தள்ளி இருந்தவற்றில் 1.1. இவ்வளவு வித்தியாசம் காட்டியும் அந்த ஆய்வைத் தாக்கியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: துளையிடும் முன் எவ்வளவு இருந்தது? அதற்குப் பதில் இல்லாமல் போகக் கூடாது என்பதற்குத்தான் இந்த வேலை.

மாதிரியைச் சமையலறைக் குழாயில் பிடிக்கக் கூடாது. மென்மையாக்கி, வடிகட்டி, அழுத்தத் தொட்டி எதற்கும் முன்னால், கிணற்றுக்கு மிக அருகில் உள்ள வால்விலிருந்து பிடிக்க வேண்டும். முதலில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள், கிணற்றில் நிற்கும் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு. 15 செ.மீ. விட்டமுள்ள கிணற்றில் 40 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 700 லிட்டர், ஆக 2,100 லிட்டர் இறைக்க வேண்டும். அதோடு விடாமல் சில நிமிட இடைவெளியில் பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றையும் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை மாறாமல் நின்ற பிறகுதான் பாட்டிலைத் தொட வேண்டும்.

பென்சீன் வகைகளுக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பி, அமிலம் இட்டது. மூடியைத் திருகியபின் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. 4 டிகிரியில் வைத்து 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலமிட்டு பி.எச். 2-க்குக் கீழே. மீத்தேனில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுவார்கள். திறந்த பாட்டிலில் ஓட விட்டால் பாதி வாயு காற்றில் போய்விடும், "மீத்தேன் இல்லை" என்று அறிக்கை வரும், அந்த அறிக்கை பிற்பாடு நமக்கே எதிராக நிற்கும். வாளித் தண்ணீருக்குள் பாட்டிலை மூழ்கடித்து அதற்குள்ளேயே நிரப்பி மூடுங்கள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தால் அதுவும் போதாது, காற்றுப் படாத மூடிய கலனை லேபிடம் கேட்டு வாங்குங்கள்.

சோதிக்க வேண்டியவை: மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், மொத்தக் கரை உப்பு, குளோரைடு, புரோமைடு, சோடியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், லித்தியம், போரான், பென்சீன் வகை நான்கும் (பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன்), மொத்த ஆல்பாக் கதிர்வீச்சு, ரேடியம்-226, 228. மீத்தேன் இருந்தால் அதன் கார்பன் ஐசோடோப்பையும் (கார்பன்-13, கார்பன்-12 விகிதம்; வாயு எப்படி உண்டானது என்று காட்டும்) சேர்த்துக்கொள்ளுங்கள். புரோமைடை விட்டுவிடாதீர்கள். குளோரைடு ஏறியதும் "சாலை உப்பு" (பனி உருகச் சாலையில் தூவுவது) என்பார்கள், "செப்டிக் டேங்க்" என்பார்கள். சாலை உப்பில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் மிக அதிகம். ஆழ்நிலை உவர்நீரில் புரோமைடு கூடுதலாக இருப்பதால் அது குறைவு. அந்த ஒரு எண் பல சாக்குகளை அடைத்துவிடும்.

ஊற்றுக்கண்:

மிக்க நன்றி இருவருக்கும். நீர்மாதிரி அவர்களே, எத்தனை முறை எடுக்க வேண்டும்? நிறுவனமே இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்கிறது, ஏற்கலாமா?

நீர்மாதிரி:

குறைந்தது இரண்டு: நீர்மட்டம் உயர்ந்திருக்கும் பருவத்தில் ஒன்று, தாழ்ந்திருக்கும்போது ஒன்று. மீத்தேன் இயல்பாகவே ஏறி இறங்கும். ஒரு முறை அளந்தது மட்டும் இருந்தால், பிறகு வரும் ஏற்றத்தை "பருவ மாற்றம்" என்று நிறுவனம் தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் நிலைநீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள்.

அவர்கள் சோதிக்கட்டும், மறுக்க வேண்டாம். ஆனால் அதே நேரம், அதே வால்வில் இரட்டை மாதிரி எடுத்து ஒன்றை நீங்கள் தேர்ந்த அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள். யார் எடுத்தார், எப்போது, யார் கைக்கு மாறியது என்ற கைமாற்றுப் படிவம் இல்லாத மாதிரி சண்டையில் செல்லாது. கூடவே லேபின் கண்டறி எல்லையையும் (அந்த முறையில் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு) முன்கூட்டியே கேளுங்கள். எல்லை அதிகமாக உள்ள முறையில் சோதித்துவிட்டு "கண்டறியப்படவில்லை" என்று எழுதுவது பழைய வித்தை.

பொறுப்பு யாருடையது என்ற விதியையும் மனுவில் கேளுங்கள். பென்சில்வேனியாவின் 2012 சட்டப்படி, இத்தகைய எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால் நிறுவனமே காரணம் என்று எடுத்துக்கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. நிறுவனங்கள் ஓடி ஓடி முன்சோதனை செய்வது இதனால்தான்.

புகைக்கணக்கு:

"நிலக்கரியை விடத் தூய்மை" என்பதற்கு: எரியும் இடத்தில் அது உண்மை. ஒரே வெப்பத்துக்கு எரிவாயு தரும் கரியமிலவாயு ஜிகாஜூலுக்குச் சுமார் 56 கிலோ, நிலக்கரி சுமார் 95. ஆனால் கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடுவில் கசிவது இந்தக் கணக்கில் இல்லை.

2018-ல் வெளியான பெரிய அமெரிக்க அளவீட்டுத் தொகுப்பு, உற்பத்தியில் 2.3% கசிகிறது என்றது. அரசுக் கணக்கை விட அது சுமார் 60% அதிகம். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கைப்படி புதைபடிவ மீத்தேனின் வலிமை, கரியமிலவாயுவைப் போல 20 ஆண்டுக் கணக்கில் 82.5 மடங்கு, 100 ஆண்டுக் கணக்கில் 29.8 மடங்கு. 1,000 கிலோ மீத்தேன் எடுத்து 23 கிலோ கசிந்தால், மீதி 977 கிலோ எரிந்து சுமார் 2,690 கிலோ கரியமிலவாயு. கசிந்த 23 கிலோ மட்டும் 20 ஆண்டுக் கணக்கில் 1,900 கிலோவுக்குச் சமம். எரிந்ததோடு இன்னொரு 70%. வெறும் வெப்பத்துக்காக எரிக்கும்போது எரிவாயுவின் 56 இப்படி ஏறி நிலக்கரியின் 95-க்கு வந்து நிற்கிறது.

இதை எழுதும்போது நேர்மையாக இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையேல் பிடித்துக்கொள்வார்கள். 100 ஆண்டுக் கணக்கில் கூடுதல் 25% அளவுதான். மின்நிலையத்தில் எரிவாயு அதிகத் திறனோடு எரிகிறது, அதனால் மின்சாரத்துக்கு நிலக்கரியோடு சமமாகும் கசிவு எல்லை சற்றே மேலே, 3.2% என்று 2012-ல் ஒரு கணக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்கத்திலும் மீத்தேன் வரும். நம் கேள்வி எளிது: உங்கள் திட்டத்தின் கசிவு விகிதம் எவ்வளவு, அளந்ததா அல்லது சூத்திரத்தில் போட்டதா? சூத்திரம் என்றால் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சராசரி எண் பெருக்கிப் போட்டிருப்பார்கள். நிஜத்தில் மூடி திறந்து கிடக்கும் ஒரு தொட்டி, அணைந்துபோன ஒரு சுடர் (மிச்ச வாயுவை எரித்துவிடும் குழாய்) என்று சில இடங்களே மொத்தக் கசிவில் பெரும்பங்கைத் தரும், சராசரியில் அவை அகப்படாது. சுடரில் எரிப்பதிலும் 98% எரிந்துவிடும் என்று எழுதுவது வழக்கம். விமானத்திலிருந்து அளந்து 2022-ல் வந்த ஆய்வு, அணைந்து கிடந்தவற்றையும் சேர்த்து 91% என்றது. எரியாமல் போவது 2 அல்ல, 9.

எதிர்வாதி:

தீப்பிடிக்கும் குழாய்க் காணொளியை எடுத்துவிடுங்கள். சதுப்பு நிலத்திலும் நிலக்கரிப் படுகையிலும் துளை போட்டால் ஃபிராக்கிங் இல்லாமலே மீத்தேன் வரும். நுண்ணுயிரால் உண்டான மீத்தேனில் ஈத்தேன் அநேகமாக இருக்காது, கார்பன் ஐசோடோப் அளவும் ஆயிரத்துக்கு −60-க்குக் கீழே இருக்கும். ஆழத்தில் வெப்பத்தால் உண்டானதில் ஈத்தேன், புரோப்பேன் சேர்ந்து வரும், ஐசோடோப் −50-க்கு மேல். காணொளியில் இவை தெரியாது. தெரிய வேண்டிய இன்னொரு எண்: நீரில் மீத்தேன் லிட்டருக்கு 10 மி.கி. தாண்டினால் கண்காணிப்பு, 28 தாண்டினால் உடனடி நடவடிக்கை. குடிப்பதால் அல்ல, மூடிய அறையில் காற்றில் 5% சேர்ந்தால் வெடிக்கும் என்பதால். குடிநீர்க் கிணற்று மூடிக்குக் காற்றுப்போக்கி வைக்கும் வேலை நாளைக்கே செய்யக்கூடியது.

நிலநடுக்கத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். ஒக்லஹோமாவில் 2016 செப்டம்பர் 3 அன்று வந்த 5.8 அளவு நடுக்கம், கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதோடு தொடர்புடையது, விரிசல் விட்டதோடு அல்ல. உங்கள் திட்டம் கழிவுநீரைச் செலுத்தப் போகிறதா என்பதைப் பொறுத்தே அந்த உதாரணம் பொருந்தும். நேரடியாக ஃபிராக்கிங்கால் வந்தது இங்கிலாந்தின் பிளாக்பூல் அருகே: 2011-ல் 2.3, 2019 ஆகஸ்டில் 2.9. அதன்பின் 2019 நவம்பரில் இங்கிலாந்து ஃபிராக்கிங்கை நிறுத்திவைத்தது. 2.3 என்றால் சுவர்கூட விரியாது என்று சிரிப்பார்கள். அந்த 2011 நடுக்கத்தில் கிணற்றின் கேசிங் குழாயே கோணிப்போனது. கேசிங்_காரர் மேலே சொன்னதோடு இதைக் கோத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

உடல்நலத்துக்கு ஓர் ஆய்வு போதும், பத்து வேண்டாம். பென்சில்வேனியாவில் 11 லட்சம் பிறப்புகளை வைத்து 2017-ல் வந்தது: ஃபிராக்கிங் கிணற்றுக்கு ஒரு கி.மீ.க்குள் வாழ்ந்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25% அதிகம், 3 கி.மீ.க்கு அப்பால் விளைவு தென்படவில்லை. காற்றாலா நீராலா என்று அது பிரித்துக் காட்டவில்லை, நீங்களும் பிரித்துச் சொல்லாதீர்கள். உங்கள் வரைபடத்தில் 1, 3 கி.மீ. வட்டங்கள் போட்டு உள்ளே எத்தனை வீடு, எத்தனை பள்ளி என்று எண்ணி எழுதுங்கள்.

"உலகம் முழுக்கச் செய்கிறார்களே" என்பார்கள். பிரான்ஸ் 2011-ல் சட்டமாகவே தடை செய்தது, பல்கேரியா 2012, நியூயார்க் மாநிலம் 2014-ல் தடையை அறிவித்தது, அயர்லாந்து, மேரிலாந்து 2017. வாயு இல்லாத ஊர்களல்ல, நியூயார்க்கின் கீழேயும் அதே மார்செலஸ் ஷேல்தான்.

கேசிங்_காரர்:

ஒன்று விட்டுப்போச்சு. அனுமதி கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றினால் மாற்றுக் கோரிக்கையாக மூடும் செலவுக்கான வைப்புத்தொகையைக் கேளுங்கள். ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் சில ஆண்டுகளிலேயே செங்குத்தாகச் சரியும். அதற்குப் பிறகு சின்ன நிறுவனத்துக்கு விற்பார்கள், அது திவாலாகும், அடைக்காத கிணறு ஊர்ப் பொறுப்பாகும். எட்டுக் கிணற்றுக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை என்று பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிணறு ஒன்றுக்கு, ஆழத்துக்கு ஏற்ப, துளையிடும் முன்னரே, கைமாறினாலும் செல்லும்படி.